ஈர மணலில் ஒரு தட்டடவு

திருகோணமலை டச்பே கடற்கரையில், அலை நனைத்துவிட்டுப் போன மணலில், பரதம் பழகும் என் பெறாமகளை ஒரு தட்டு தட்டச் சொன்னேன். முழங்காலை மடக்கி நிற்கும் அரைமண்டியில் இருந்து காலைத் தூக்கி ஓங்கித் தட்டினாள். பாதம் ஒரு விரல் அளவுக்குப் பதிந்தது. கொஞ்சம் மேலே ஏறி, காய்ந்த மணலில் இன்னொரு தட்டு. அங்கே அதைவிட ஆழம். வீட்டுக்கு வந்த பிறகு சீமெந்து முற்றத்தில் அதே தட்டைத் தட்டினாள். குனிந்து பார்த்துவிட்டு, "சித்தி, இங்க ஒண்டும் தெரியேல்ல" என்றாள்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளை. போன நவராத்திரிக்குச் சற்று முன்னர் அவளுடைய இடது கணைக்கால் எலும்பில் மயிரிழை வெடிப்பு வந்தது. விழவில்லை, எங்கும் இடிபடவில்லை. தினமும் ஆடிக்கொண்டுதான் இருந்தாள். ஆடியே எலும்பு வெடிக்குமா என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். அதற்கு விளக்கம் சொல்லத்தான் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

வேகமாக வரும் பாதம் எங்காவது நின்றாக வேண்டும். எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மணலில் பதிந்த ஆழம், பாதம் நிற்பதற்கு எடுத்துக்கொண்ட தூரம். அந்தத் தூரம் இரண்டு மடங்கானால் காலில் ஏறும் சராசரி விசை பாதியாகும். சீமெந்து அப்படி எதுவும் கொடுப்பதில்லை; பாதத்தின் அடிச்சதை மட்டும்தான் அமுங்கும். அது 5 மில்லிமீற்றர் அமுங்குகிறது என்று வையுங்கள். தரையும் இன்னொரு 5 மில்லிமீற்றர் இறங்கிக் கொடுத்தால் விசை பாதிதான். அந்த 5 மில்லிமீற்றருக்காகத்தான் பாலே அரங்குகளில் தரைக்குக் கீழே குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டம் அடித்து, மேலே பலகை போடுகிறார்கள். பயணம் போகும்போது தங்கள் தரையையும் கூடவே கொண்டுபோகும் குழுக்களும் உண்டு.

பாய்ச்சலிலும் இதே கணக்குத்தான். 30 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்து இறங்குபவர் முழங்காலை விறைப்பாக வைத்து 3 சென்ரிமீற்றருக்குள் நின்றால், உடல் எடையைப் போலச் சுமார் 11 மடங்கு விசை காலில் ஏறும். விரல், முன்பாதம், குதி என்று வரிசையாக ஊன்றி, முழங்காலை மடக்கி 30 சென்ரிமீற்றரில் நின்றால் அது 2 மடங்காகக் குறையும். பாலேயில் முதல் வகுப்பிலிருந்தே முழங்கால் மடக்கப் பழக்குவதற்கு அழகு மட்டும் காரணமில்லை.

நமக்கு அந்த வசதி குறைவு. பரதத்தில் முழங்கால் ஏற்கெனவே மடங்கித்தான் இருக்கிறது. பாதம் தட்டையாக, வெறுங்காலாக விழுகிறது. எத்தனை தரம்? ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். முதலாம் காலம் என்ற மெதுவான வேகத்தில் செக்கனுக்கு ஒரு தட்டு, இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. ஒவ்வொன்றும் பத்து நிமிடம் என்றால் அரை மணித்தியாலத்தில் 4200 தட்டு. ஒரு காலுக்கு 2100. ஒரு தட்டால் எலும்புக்கு ஒன்றும் ஆகாது. 2100 தட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெடிப்புகள் எலும்புக்குள் விழும்.

இது நோயல்ல, எலும்பு தன்னைப் புதுப்பிக்கும் முறையே இதுதான். எங்கே வெடிப்பு விழுந்தது என்பதை எலும்புக்குள் இருக்கும் கலங்கள் உணர்ந்து செய்தி அனுப்புகின்றன. முதலில் ஒருவகைக் கலங்கள் வந்து பழுதான பகுதியை அரித்து எடுக்கின்றன. பிறகு வேறொரு வகைக் கலங்கள் வந்து புது எலும்பை நிரப்புகின்றன. அரிப்பதற்கு மூன்று கிழமை அளவு போதும். நிரப்புவதற்கு மூன்று மாதமளவு வேண்டும். ஆபத்து இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. வீதி திருத்தும்போது முதலில் கிண்டிப் போடுவார்கள் அல்லவா? கிண்டிய பள்ளத்தை நிரப்ப முன்னர் பார லொறி விட்டால் எப்படியிருக்கும்? பயிற்சியைத் திடீரென்று கூட்டிய பிள்ளையின் எலும்பு, முதல் சில கிழமைகளில் முன்பு இருந்ததைவிடப் பலவீனமாகத்தான் இருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் நாம் "விழா வருது, இன்னும் ஒரு தரம்" என்கிறோம். என் பெறாமகளுக்கும் பயிற்சியை இரட்டிப்பாக்கி நாலாவது கிழமையில்தான் நோவு தொடங்கியது.

இந்த வெடிப்பை முதலில் எழுதி வைத்தவர் பிரைட்ஹவுப்ட் என்ற பிரஷ்யப் படை மருத்துவர். ஆண்டு 1855. அணிவகுத்து நடந்தே பாதம் வீங்கிப்போன சிப்பாய்களைத்தான் அவர் கண்டார். பாலே ஆடுபவர்களுக்கு அது பெரும்பாலும் பாதத்தின் இரண்டாவது நீள எலும்பில் வரும். விரல் நுனியில் நிற்கும்போது பாரம் ஏறுவது அங்கேதான்.

வீட்டில் செய்து பார்க்கக்கூடிய ஒன்று இருக்கிறது. கணைக்கால் நோகுது என்று பிள்ளை சொன்னால், எலும்பின் ஓரமாக மேலிருந்து கீழே ஒரு விரலால் மெதுவாக அழுத்திக்கொண்டு போங்கள். நாலைந்து விரல் நீளத்துக்குப் பரவலாக நோகுது என்றால் பெரும்பாலும் தசையும் எலும்பின் மேலுறையும் களைத்திருக்கின்றன. ஒரே புள்ளியில், விரல் நுனியால் மூடிவிடக்கூடிய இடத்தில், "ஐயோ அங்கதான்" என்று காலை இழுத்தால் ஆட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு டொக்டரிடம் போக வேண்டும். முதல் இரண்டு மூன்று கிழமை எக்ஸ்ரேயில் ஒன்றுமே தெரியாமல் போகலாம். எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது. எக்ஸ்ரே நல்லாயிருக்கு என்று அவளை நாங்களே மறுபடி ஆட அனுப்பினோம். இப்போதும் அதை நினைத்தால் மனசு கேட்பதில்லை.

ஒரு கலைஞரின் தொழில் வாழ்க்கை முழுவதும் இந்த வரவு செலவில்தான் ஓடுகிறது. வயது ஏற ஏறத் திருத்த வேலை மெதுவாகும், தசையை எலும்போடு இணைக்கும் நாண்கள் இறுகும். பாரிஸ் ஒப்பெரா பாலேயில் ஓய்வு வயது 42. பிரித்தானிய பாலே ஆட்டக்காரி மார்கொட் ஃபொன்டெய்ன் 1962இல், தன்னைவிட மிக இளையவரான நுரியெவ்வுடன் முதன்முதலாக ஜோடி சேர்ந்தபோது அவருக்கும் 42 வயதுதான். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஆடினார். நாற்பது தாண்டியவர்களுக்கென்றே நெதர்லாந்தில் ஒரு குழுவை 1991இல் தொடங்கினார் நடன அமைப்பாளர் ஜிரி கிலியான். 2006 வரை அது இயங்கியது. கதக்கில் ஊறிய அக்ரம் கானுக்கு 2012 ஜனவரியில் குதிகாலுக்கு மேலுள்ள தடித்த நாண் கிழிந்தது. அதே ஆண்டு ஜூலையில் லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் அவர் ஆடினார். 2018இல் தன் கடைசி முழுநீளத் தனி ஆட்டத்தை மேடையேற்றினார். அதற்குப் பிறகு மற்றவர்களுக்காகவும் நடனம் அமைத்தார். நம்மிடமோ அபிநயம் இருக்கிறது. அறுபது வயதிலும் பதம் என்ற அபிநயப் பாட்டு ஒன்றுக்கு உயிர் கொடுக்கலாம். ஆனால் அதுவரை முழங்கால் தாங்க வேண்டுமே.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மெலிவாக இருக்க வேண்டும் என்று சாப்பாட்டைக் குறைக்கும் பிள்ளைக்கு மாதவிடாய் நின்றுபோகலாம். ஆட்டக்காரப் பிள்ளைதானே என்று அதை வீட்டில் பெரிதாக எடுப்பதில்லை. ஆனால் எலும்பை அரிக்கும் கலங்களைக் கட்டுக்குள் வைப்பது ஈஸ்ட்ரஜன். அது குறைந்தால் அரிப்பு கூடும், நிரப்பல் பின்தங்கும். முள்ளோடு பொரித்த நெத்தலியும் குரக்கன் புட்டும் திருகோணமலையில் கிடைக்காத சாமான்களா? பயிற்சி முடிந்து வரும் பிள்ளைக்கு வயிறாரக் கொடுங்கள்.

அப்புறம், தரை. உடுப்புக்கும் நகைக்கும் ஒப்பனைக்கும் நாம் யோசிக்காமல் காசு போடுகிறோம். அதில் ஒரு பங்கை நிலத்துக்கு ஒதுக்குவதில்லை. பிள்ளைகள் பழகும் மண்டபத்தில் பெற்றோர் சிலர் சேர்ந்து சீமெந்தின் மேல் றப்பர் துண்டுகள் வைத்து, அதன் மேல் மரச்சட்டம் அடித்து, இரண்டு அடுக்கு பிளைவூட் போட்டோம். மாரியில் பலகை ஊதிப் பெருக்கும் என்று சுவரோரம் ஒரு விரல் இடைவெளி விட்டோம். கறையான் மருந்தும் பூசினோம்.

முதல் நாள் எட்டுப் பிள்ளைகள் ஏறி நின்றார்கள். தட்டுக்கழி விழுந்ததும் முதலாம் காலத்தில் ஒரு தட்டு. சீமெந்தில் 'சப்' என்று கேட்டது, பலகையில் மிருதங்கத்தின் தொப்பி போல் 'தொம்' என்று கேட்டது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். முழங்கால் நோவால் சில வருடமாகக் கதிரையில் இருந்தே தாளம் போட்டு வந்த ரீச்சர் கழியைக் கீழே வைத்தார். மெல்ல எழும்பி வந்து, பலகையின் நடுவில் அரைமண்டியில் அமர்ந்து, தையா தை என்று தானே சொல்லி இரண்டு தரம் தட்டிப் பார்த்தார்.