டிஃபால்ட் கிளையில் தொலையும் கமிஷன்

மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் மல்லியும் பிச்சியும் கிலோக் கணக்கில் போகும், கட்டு ரோஜா கட்டுக் கணக்கில் போகும், தாமரையை எண்ணித்தான் கொடுப்பார்கள். இப்படிப்பட்ட கமிஷன் கடைக்கு பில் மென்பொருள் எழுதச் சொன்னால், நம் இளைஞர்களில் பெரும்பாலோர் ‘விற்பனை’ என்றொரு கிளாஸை எழுதி, வகைக்கொரு சப்கிளாஸ் போட்டு, தொகை கணக்கிடும் மெத்தடை ஒவ்வொன்றிலும் ஓவர்ரைடு செய்கிறார்கள், அதாவது வகைக்கு ஏற்ப மாற்றி எழுதுகிறார்கள். கல்லூரியில் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். பில் ஒன்றுதான் வேலை என்றால் அது போதும்.

ஆனால் கடைக்காரர் அடுத்து விவசாயிக்கான சீட்டு கேட்பார், பிறகு கமிஷன் கழிவு, பிறகு மாதக் கணக்கு. விற்பனை வகைகள் எப்போதாவதுதான் கூடும். அவற்றின் மேல் செய்யவேண்டிய வேலைகளோ கூடிக்கொண்டே போகும். ஒவ்வொரு முறையும் எல்லா சப்கிளாஸ்களையும் திறந்து திருத்துவதற்குப் பதில், வகைகளை ஜாவாவில் சீல்டு இன்டர்ஃபேஸின் (எந்தெந்த வகைகள் உண்டு என்று முன்பே சொல்லி மூடிவிட்ட இன்டர்ஃபேஸ்) கீழ், மதிப்புகளைத் தாங்கும் ரெக்கார்டுகளாக எழுதி, வந்தது எந்த வகை என்று பார்த்துக் கிளை பிரிக்கும் பேட்டர்ன் மேட்சிங் மூலம் சுவிட்சில் பிரித்தால், கமிஷன் கணக்கு முழுவதும் ஒரே ஃபங்ஷனில் அடங்கிவிடும். எம்எல், ஹாஸ்கெல் போன்ற மொழிகளில் இது பழைய பழக்கம். ஜாவாவுக்குத்தான் 2021இல் 17ஆம் பதிப்பில் சீல்டு வகைகளும், 2023இல் 21ஆம் பதிப்பில் சுவிட்சுக்கான பேட்டர்ன்களும் முழுமையாக வந்து சேர்ந்தன.

இதன் உண்மையான பலன் கோடு சுருங்குவதில் இல்லை. எந்த வகையாவது விடுபட்டால் கம்பைலர் கம்பைல் செய்ய மறுக்கும் என்பதே பலன். அதைத்தான் பலர், வேறெந்தக் கிளையிலும் சேராததை எல்லாம் ஏற்கும் ஒரு டிஃபால்ட் வரியால் கெடுத்துக்கொள்கிறார்கள். சரிபார்க்க வந்த ஒரு நிரலில் எடைக்கும் கட்டுக்கும் கிளை எழுதி, டிஃபால்ட்டில் 0 திருப்பியிருந்தார்கள். பின்னாளில் தாமரைக்காக எண்ணிக்கை வகையைச் சேர்த்தபோது பில் சரியாகவே வந்தது, கமிஷன் மட்டும் 0 என்று விழுந்தது, கம்பைலரோ வாய் திறக்கவில்லை. ரஸ்ட் மொழியிலும், எல்லாவற்றையும் ஏற்கும் அடிக்கோட்டுக் கிளையை எழுதிவிட்டால் இதே கதைதான்.

பைத்தானில் கூடுதல் கவனம் வேண்டும். 3.10இல் வந்த மேட்ச், வகைகள் விடுபட்டால் தானாக எச்சரிப்பதில்லை. வகைகளைச் சரிபார்க்கும் மைபை போன்ற தனிக்கருவியும், கடைசிக் கிளையில் ‘இங்கே எதுவும் வரக்கூடாது’ என்று அதற்குச் சொல்லும் ‘அசர்ட் நெவர்’ அழைப்பும் தேவைப்படும். மேலும், கேஸுக்குப் பக்கத்தில் புள்ளியில்லாத வெறும் மாறிப்பெயரை எழுதினால், அந்த மாறியில் உள்ள மதிப்போடு ஒப்பிடாமல், வந்ததை எல்லாம் அந்தப் பெயரிலேயே பிடித்துக்கொள்ளும். அது கடைசிக் கிளையாக இருந்தால் பிழைச்செய்தியும் வராது.

இதற்காக சப்கிளாஸை அடியோடு விட்டுவிடச் சொல்லவில்லை. வகைகளைக் கூட்டுவது எளிதானால் வேலைகளைக் கூட்டுவது கடினம், மறுதலையும் அப்படியே என்ற இந்த இழுபறிக்கு 1998இல் கணினி அறிஞர் பிலிப் வாட்லர் ‘எக்ஸ்பிரஷன் பிராப்ளம்’ என்று பெயரிட்டார். கடைக்குக் கடை மின்னணுத் தராசின் தயாரிப்பு மாறும். நாளை எது வரும் என்று நமக்குத் தெரியாது, அதனிடம் நாம் கேட்பதோ எடை ஒன்றுதான். தராசைத் திறந்த இன்டர்ஃபேஸாகவும், விற்பனை வகைகளைச் சீல்டாகவும் ஒரே நிரலுக்குள் வைத்துக்கொள்ளத் தடை ஏதும் இல்லை.