"எங்கே இருக்கீங்க?" மலைக்குள் ஜீப் எடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு 108 ஊழியரின் வேண்டுகோள்

பதினோரு வருடமாக 108 வண்டியில் அவசர மருத்துவ உதவியாளராக இருக்கிறேன். பெரும்பகுதி கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம்; நடுவில் கொஞ்ச காலம் தர்மபுரி மாவட்டத்து அரூர். எங்கள் வேலையில் முதல் கேள்வி "எங்கே இருக்கீங்க?" என்பதுதான். என்ன ஆச்சு என்பதுகூட அப்புறம்தான். தார் ரோட்டில் விபத்து என்றால் இதற்குப் பதில் சொல்வது சுலபம். பெட்ரோல் பங்க், கோயில், பஸ் ஸ்டாப் என்று ஏதாவது ஒன்று கண்ணில் படும். காட்டோரப் பள்ளத்தில் கிடக்கும் ஜீப்புக்கு அப்படி எதுவும் கிடையாது.

சனி ஞாயிறு வந்தால் ஓசூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் தார், ஜிம்னி, பழைய ஜிப்ஸி என்று வண்டிகள் எங்கள் பக்கத்து மண் தடங்களைத் தேடி வருகின்றன. ஓட்டுகிறவர்கள் கெட்டிக்காரர்கள்தான். வின்ச், கயிறு, பெரிய டயர் எல்லாம் இருக்கும். ஆனால் ஒரு ஆளுக்கு அடிபட்டால் யாரிடம், எப்படி, எந்த இடத்தைச் சொல்லிக் கூப்பிடுவது என்று யோசித்து வைத்தவர்களை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் நல்ல மழை. இரண்டு ஜீப், ஏழு பையன்கள். அஞ்செட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளத்தைக் கடக்கும்போது முன் வண்டி பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு பையனின் தொடை எலும்பு முறிந்துவிட்டது. அப்போது மணி இரண்டரை. நாங்கள் அவனைத் தொட்டபோது ஏழைத் தாண்டிவிட்டது. தொடை எலும்பு முறிந்தால் தோல் கிழியாமலேயே உள்ளுக்குள் ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் ரத்தம் தேங்கிவிடும். வெளியே ஒரு சொட்டு தெரியாது. நான் போனபோது அவன் முகம் வெளுத்து, கை ஜில்லிட்டு, கேட்டதற்கெல்லாம் "ம்" மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். பிழைத்துக்கொண்டான். ஆனால் அந்த நாலரை மணி நேரம் எங்கே போனது என்பதைத்தான் நான் சொல்ல வேண்டும்.

பள்ளத்தில் யாருடைய போனிலும் சிக்னல் இல்லை. ஒருவன் மேட்டில் ஏறி ஏறிப் பார்த்து, முக்கால் மணி நேரம் கழித்து 112 என்ற பொது அவசர எண்ணைப் பிடித்தான். எடுத்தவர் கன்னடத்தில் பேசினார். அவசர எண்கள் நாம் நிற்கும் மண்ணைப் பார்த்துப் போவதில்லை. போன் பிடித்திருக்கும் டவரைப் பார்த்துப் போகின்றன. காவிரியோரத்திலும் தளி பக்கமும் கர்நாடக டவர் சர்வ சாதாரணமாக எடுக்கும். தான் தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பதை அவன் புரியவைப்பதற்குள் லைன் கட்டாகிவிட்டது. அப்புறம் ஓசூரில் இருக்கும் அண்ணனுக்கு ஒரு எஸ்எம்எஸ் போட்டான், "ஆக்சிடென்ட், சீக்கிரம் வா" என்று. அண்ணன் கையில் தம்பியின் வாட்ஸ்அப் லைவ் லொகேஷன் இருந்தது. அவர் எங்களுக்கும் அதையே அனுப்பினார். நேராக அங்கே போய் நின்றோம். அங்கே ஒன்றுமே இல்லை, ஒரு முச்சந்திதான். லைவ் லொகேஷன் நெட் இருக்கும் வரைதான் நகரும். நெட் போனதும் கடைசிப் புள்ளியிலேயே நின்றுவிடும். பையன்கள் அங்கிருந்து இன்னும் எட்டு ஒன்பது கிலோமீட்டர் உள்ளே போயிருந்தார்கள்.

கடைசியில் வழி காட்டியது ஒரு பெரியவர். ராகிக் காட்டில் யானைக் காவலுக்குப் பரண் ஏறக் கிளம்பிக்கொண்டிருந்தார். "ரெண்டு ஜீப்பு காலையில போச்சு தம்பி. அந்தப் பள்ளமாத்தான் இருக்கும். மழை பேஞ்சா அங்க மாட்டு வண்டியே போவாதே" என்றார். அந்தப் பள்ளத்துக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு, எந்த மேப்பிலும் இல்லை. எங்கள் வண்டி போகிற மட்டும் போய், அப்புறம் ஸ்ட்ரெச்சரோடு நானும் பைலட்டும் பெரியவரும் நடந்தோம். (108-இல் டிரைவரை பைலட் என்றுதான் சொல்வோம்.)

அன்றிலிருந்து யாரைப் பார்த்தாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: உள்ளே போகும்போது கடைசியாக எந்த இடத்தில் சிக்னல் இருந்தது என்று பார்த்துக்கொண்டே போங்கள். வண்டியில் ஓட்டாதவர் ஒருவருக்கு இது வேலையாக இருக்கட்டும். சிக்னல் போகும் இடத்தில் மீட்டரைப் பார்த்து ஒரு பேப்பரில் குறியுங்கள். அடிபட்ட பிறகு மேடு மேடாக ஏறித் தேடுவதற்கும், "நாலு கிலோமீட்டர் பின்னாடி, பாறை வளைவில் கிடைக்கும்" என்று தெரிந்து இரண்டு பேர் கிளம்புவதற்கும் ஒரு மணி நேரம் வித்தியாசம் வரும். எந்த மலையில் எந்த சிம் எடுக்கும் என்பதை அடிவாரத்து டீக்கடையில் கேளுங்கள். அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. கூட வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கம்பெனி சிம் வைத்திருக்காதீர்கள். உங்கள் போனில் "அவசர அழைப்பு மட்டும்" என்று காட்டினால் வேறு கம்பெனி டவர் எட்டுகிறது என்று அர்த்தம். 112 அடித்துப் பாருங்கள்.

அடுத்தது, இடத்தைச் சொல்வது. போனில் ஜிபிஎஸ் வேலை செய்ய சிக்னலும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். வீட்டில் இருக்கும்போதே அந்தப் பகுதி மேப்பை டவுன்லோடு செய்துவிடுங்கள். நீங்கள் நிற்கும் நீலப் புள்ளியை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும், அட்சரேகையும் தீர்க்கரேகையும். நம் இரண்டு மாவட்டங்களிலும் முதல் எண் 11 அல்லது 12-இல் தொடங்கும். இரண்டாவது 77 அல்லது 78-இல். வேறு மாதிரி வந்தால் எங்கோ தப்பு. புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் சொன்னால் பத்துப் பதினோரு மீட்டருக்குள் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். இந்த எண்களோடு எத்தனை பேருக்கு அடி, நினைவு இருக்கிறதா, தடம் எதுவரை கார் போகும், யார் எங்கே வந்து நிற்பார்கள் என்று ஒரே எஸ்எம்எஸ்ஸில் எழுதி அனுப்புங்கள். பேசப் போதாத சிக்னலிலும் எஸ்எம்எஸ் போய்ச் சேரும். ஆள் நடந்து போவதாக இருந்தால் அதையே பேப்பரில் எழுதி அவர் சட்டைப் பையில் வையுங்கள். பதற்றத்தில் ஓடி வருகிறவருக்கு எண்கள் நினைவில் நிற்காது.

போனில் பேசும்போது முதல் வாக்கியம் "தமிழ்நாடு, கிருஷ்ணகிரி மாவட்டம், அஞ்செட்டி தாலுகா" என்று இருக்கட்டும். அந்தப் பகுதி போலீஸ் ஸ்டேஷன், ஆரம்ப சுகாதார நிலையம், வனச்சரக அலுவலகம் ஆகியவற்றின் முழு எண்களை முன்பே போட்டு வையுங்கள். முழு எண்ணுக்கு எந்த மாநில டவரும் ஒன்றுதான். சிக்னல் இல்லாத இடத்தில் போனை ஏரோப்ளேன் மோடில் வையுங்கள். டவரைத் தேடித் தேடியே பேட்டரி தீர்ந்துவிடும்.

சாட்டிலைட் போன் பற்றி நிறைய பேர் கேட்கிறார்கள். தெளிவாகச் சொல்கிறேன்: தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் இந்தியாவில் அதை வைத்திருப்பதே குற்றம். துராயா, இரிடியம் என்ற இரண்டு கம்பெனி சாட்டிலைட் போன்களுக்கும் இங்கே தடை. சாட்டிலைட் வழியே செய்தி அனுப்பும் கார்மின் இன்ரீச் என்ற சின்னக் கருவியும் இரிடியத்தில்தான் ஓடுகிறது. அதைப் பையில் வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகளை நம் விமான நிலையங்களில் பிடித்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் மாமா வாங்கிக் கொடுத்தார் என்று எடுத்து வராதீர்கள். ஐபோனில் வரும் சாட்டிலைட் எஸ்ஓஎஸ் வசதியும் நம் நாட்டில் இயங்காது. அதை நம்பி உள்ளே போகாதீர்கள்.

வாக்கி டாக்கி நிஜமாகவே உதவும். 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை, அரை வாட் சக்திக்குள் இருக்கும் செட்டுகளுக்கு 2018 விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. வாங்கும்போது அரசின் கருவி ஒப்புதல் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் ஐந்து வாட் சீன செட்டுகள் வேறு விஷயம். அவற்றை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தக் கூடாது; தெரியாமல் போலீஸ், வனத்துறை அலைவரிசையில் போய் விழுந்தால் அவர்கள் வேலையும் கெடும். அரை வாட் செட் மரமும் மேடும் உள்ள இடத்தில் ஒரு கிலோமீட்டர் எட்டினாலே நல்லது. அதனால் ஊருக்குப் பேச முடியாது. ஆனால் ஒரு வண்டி பள்ளத்தில், ஒரு வண்டி போன் சிக்னல் உள்ள மேட்டில் என்று நிறுத்தினால், கீழே சொல்வதை வாக்கி டாக்கியில் கேட்டு மேலே இருப்பவர் போனில் சொல்லலாம். நான் போனில் "மூச்சு எப்படி இருக்கு, நாடி பாருங்க" என்று கேட்டதற்கு இப்படித்தான் ஒருமுறை பதில் வந்தது. வண்டி போய்ச் சேருவதற்குள்ளேயே கால் அசையாமல் இருக்கச் சிம்பு (குச்சி வைத்த கட்டு) கட்டச் சொல்ல முடிந்தது.

அடிக்கடி காட்டுப் பக்கம் போகிறவர்கள் ஹாம் ரேடியோ (தனி ஆட்கள் ஆர்வத்துக்காக வைத்துக்கொண்டு தூரத்துக்குப் பேசும் ரேடியோ) லைசென்ஸ் எடுக்கலாம். ஒரு தேர்வுதான். 2004 சுனாமியின்போது அந்தமானில் இருந்த பாரதி பிரசாத் ஹாம் ரேடியோவில்தான் தீவுகளின் செய்தியை வெளியே கொண்டுவந்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைந்துவிட்டு, வனத்துறை வழக்குப் போடுமோ என்று பயந்து கூப்பிடாமல் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தாங்களே தூக்கிவிடலாம் என்று வளைத்து முறித்து, முதுகெலும்பில் அடிபட்ட ஆளை ஜீப்பின் பின் சீட்டில் உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள். காவிரி வடக்கு, தெற்கு என்று இரண்டு சரணாலயங்கள் இங்கே இருக்கின்றன. அனுமதியில்லாத தடத்துக்குப் போகவே வேண்டாம். போய் மாட்டிக்கொண்டால் முதலில் கூப்பிடுங்கள். வழக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இருட்டிய பிறகு ஆளை நடக்க அனுப்பாதீர்கள், யானை நடமாட்டம் உண்டு. ராத்திரி கத்தினாலும் டார்ச் ஆட்டினாலும் ஊர்க்காரர்கள் அதை யானை விரட்டுவதாகத்தான் நினைத்துக்கொள்வார்கள். உதவிக்கு அலறுகிறார்கள் என்று யாருக்கும் தோன்றாது.

அரூரில் இருந்தபோது சித்தேரி மலையடிவாரத்து டீக்கடையிலிருந்து ஒரு கால் வந்தது. காலையில் ஜீப்பில் மேலே போன நாலு பேர் கடைக்காரரிடம் ஒரு சீட்டைக் கொடுத்திருக்கிறார்கள். போகும் தடம், வண்டி நம்பர், வீட்டு நம்பர், திரும்பும் நேரம் எல்லாம் அதில் இருந்தது. மேலே வண்டி உருண்டு ஒருவருக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது; போனில் சிக்னல் இல்லை. அவர்களிடமிருந்து எங்களுக்கு ஒரு செய்தியும் வரவில்லை. கூப்பிட்டவர் டீக்கடைக்காரர்தான். "ஆறு மணிக்குள்ள வரலைன்னா சொல்லுங்கண்ணான்னு சீட்டு குடுத்துட்டுப் போனாங்க சார். மணி ஆறே கால் ஆவுது."