டிகம்ப்ரஷன் சிக்னஸ்: தமிழில் என்ன பெயர்?

நீரின் ஆழம் போன்ற அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து சட்டென வெளியே வருவோருக்கு வரும் நோய் இது. சுழியோடிகள் இதை ‘பெண்ட்ஸ்’ என்பார்கள். பழைய மருத்துவ நூல்களில் ‘கெய்சன் நோய்’. இரண்டும் பாலம் கட்டிய இடத்தில் பிறந்த பெயர்கள். பிரெஞ்சில் கெய்சன் என்றால் பெரிய பெட்டி. அடிப்பக்கம் திறந்த பெட்டியை ஆற்றில் இறக்கி, நீர் புகாதபடி காற்றை அழுத்தி நிரப்பி, உள்ளே நின்று அடித்தளம் தோண்டினார்கள். வெளியே வந்த பிறகுதான் மூட்டுவலி பிடித்தது. நியூயார்க்கின் புரூக்ளின் பாலத் தொழிலாளர்களுக்கு மருத்துவம் பார்த்த ஆண்ட்ரூ ஸ்மித் 1873இல் ‘கெய்சன் நோய்’ என்று எழுதினார். வலியில் குனிந்து நடந்தவர்களைப் பார்த்து, அன்றைய பெண்களின் நாகரிக நடையான ‘கிரேக்க வளைவு’ (கிரீஷியன் பெண்ட்) நினைவுக்கு வர, ‘பெண்ட்ஸ்’ ஒட்டிக்கொண்டது. ‘வளைவு நோய்’ என்று பெயர்த்தால் யாருக்கும் எதுவும் விளங்காது.

கடலில் 10 மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். சுவாசிக்கும் நைட்ரஜன் அந்த அளவுக்கு ரத்தத்திலும் கொழுப்பிலும் கூடுதலாகக் கரையும். மெல்ல ஏறினால் நுரையீரல் வழியே வெளியேறிவிடும். சட்டென ஏறினால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோலக் குமிழியாகும். மூட்டில் என்றால் வலி. தண்டுவடத்தில் என்றால் கால் மரப்பு, சிறுநீர் அடைப்பு. நைட்ரஜன் குமிழிதான் காரணம் என்று 1878இல் நிறுவியவர் பிரெஞ்சு அறிஞர் பால் பெர்ட்.

அழுத்தம் இருக்கும்போது அல்ல, அது விடுபடும்போதுதான் நோய் வருகிறது. ஆகவே ‘அழுத்த நோய்’ தவறு. ‘அழுத்தத் தளர்வு நோய்’ பொருந்தும். இலங்கை வழக்கில் ‘அமுக்கத் தளர்வு நோய்’ எனலாம்.

சிகிச்சையின் பெயரிலும் கவனம் வேண்டும். ஹைப்பர்பாரிக் என்பதில் கிரேக்க ‘ஹைப்பர்’ மிகை, ‘பாரோஸ்’ எடை. ‘உயர் அழுத்த சிகிச்சை’ என்றால் ரத்தக் கொதிப்புக்கு என்று நினைத்துவிடுவார்கள். ‘மிகையழுத்த ஆக்சிஜன் சிகிச்சை’ குழப்பாது. பரவலாகப் பின்பற்றப்படும் அமெரிக்கக் கடற்படையின் 6ஆம் அட்டவணைப்படி, மூடிய அறையில் 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தம் ஏற்றி, 20 நிமிடம் தூய ஆக்சிஜன், 5 நிமிடம் சாதாரணக் காற்று என மூன்று சுற்று. இடையில் காற்று தராவிட்டால் ஆக்சிஜன் நஞ்சாகி வலிப்பு வரலாம். பிறகு அரை மணி நேரத்தில் 9 மீட்டருக்குக் குறைத்து, அங்கே 15 நிமிடம் காற்று, 60 நிமிடம் ஆக்சிஜன் என இருமுறை. மேலும் அரை மணி நேரம் தளர்த்தி வெளியே எடுக்க, மொத்தம் 285 நிமிடம். குமிழி சுருங்கிக் கரையும். ஆக்சிஜன் நைட்ரஜனை வெளியே தள்ளும்.

அறைக்குப் போய்ச் சேரும்வரை நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, முகமூடியில் 100% ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். வலி குறைந்தாலும் நிறுத்தக்கூடாது. ‘மறுபடி இறங்கினால் சரியாகும்’ என்று கடலுக்குள் அனுப்பவே கூடாது: அங்கே சுவாசிப்பது மீண்டும் நைட்ரஜன் கலந்த காற்று, மயங்கினால் மூழ்குவான்.