ஒன்றரை வயது குறைத்த பாட்டு

ஒரு பாட்டைக் கேட்டால் வயது குறையுமா? பிறந்த தேதியை வைத்துக் கணக்கிடுவோமே, அந்த வயதைத்தான் கேட்கிறேன். குறையும் என்று 2011இல் ஓர் உளவியல் ஆய்விதழில் கட்டுரை வந்தது. எழுதியவர்கள் ஜோசப் சிம்மன்ஸ், லீஃப் நெல்சன், யூரி சைமன்சன். பென்சில்வேனியா பல்கலைக்கழக மாணவர்கள் 20 பேரில் சிலருக்கு முதுமையைப் பற்றிய ஒரு பீட்டில்ஸ் பாட்டைப் போட்டார்கள். மற்றவர்களுக்குக் கம்ப்யூட்டரோடு இலவசமாக வரும் ஒரு வாத்திய இசை. அப்புறம் எல்லாரிடமும் பிறந்த தேதியையும் அப்பாவின் வயதையும் கேட்டார்கள். அப்பா வயதைக் கணக்கில் சேர்த்துச் சரிசெய்து பார்த்தால், பாட்டு கேட்டவர்களின் சராசரி வயது 20.1. இசை கேட்டவர்களுக்கு 21.5. பி-மதிப்பு 0.040.

எண்களில் ஒன்றுகூடப் பொய் இல்லை. முடிவு மட்டும் அபத்தம். இது எப்படி நடக்கிறது என்று பிடிபட, முதலில் அந்த பி-மதிப்பு என்ன என்று பார்த்துவிடலாம். அதற்கு ஒரு டீக் கதை இருக்கிறது.

1920களின் தொடக்கம். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையம். பாசிகளை ஆராயும் மியூரியல் பிரிஸ்டல், கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா டீயா என்று குடித்துப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்றார். (டிகாக்‌ஷனுக்கும் பாலுக்கும் இதே வழக்கு நடக்கும் வீடுகள் எனக்குத் தெரியும்.) அங்கே வேலை பார்த்த புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர், சரி, சோதித்துவிடலாம் என்றார். பின்னர் 1935இல் ஒரு புத்தகத்தில் அந்தச் சோதனையின் அமைப்பை விவரித்தார்: 8 கோப்பை. நாலில் பால் முதலில், நாலில் டீ முதலில். எந்த வரிசையில் நீட்டுவது என்பதைக் குலுக்கலில் விட்டுவிட வேண்டும். எட்டிலிருந்து ‘பால் முதலில்’ என்று நாலு கோப்பையை அந்தப் பெண்மணி பொறுக்கித் தர வேண்டும்.

எட்டில் நாலைப் பொறுக்க 70 வழிகள் உண்டு. முழுக்கச் சரியான வழி ஒன்றுதான். ஆக, நாக்கில் எந்தத் திறமையும் இல்லாதவர் குருட்டாம்போக்கில் எல்லாவற்றையும் சரியாகச் சொல்ல வாய்ப்பு 70க்கு 1; அதாவது 0.014. மூன்று சரி, ஒன்று தப்பு என்றால்? அதற்கு 16 வழிகள். முழுக்கச் சரியான அந்த ஒன்றையும் கூட்டினால் 70க்கு 17, கிட்டத்தட்ட 0.24. நாலில் மூன்றைச் சரியாகச் சொன்னால் நாம் அசந்துபோவோம். ஆனால் திறமையே இல்லாத நாலு பேரில் ஒருவருக்கு அது கைகூடிவிடும்.

பி-மதிப்பு இவ்வளவுதான்: விளைவு எதுவுமே இல்லை என்று வைத்துக்கொண்டால், கையில் இருக்கும் முடிவோ அதைவிட வலுவானதோ தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு. 0.04 என்றால் 96 சதவீதம் உண்மை என்று அர்த்தமில்லை. படித்தவர்களே அடிக்கடி இடறும் இடம் இது. 20க்கு 1, அதாவது 0.05 என்பது வசதியான எல்லை, பி-மதிப்பு அதற்குக் கீழே போனால் வெறும் தற்செயல் அல்ல என்று எடுத்துக்கொள்ளலாம் என்று 1925இல் எழுதியதும் ஃபிஷர்தான். வசதிக்குப் போட்ட கோடு நாளடைவில் ஆய்விதழ்களின் வாசற்படி ஆகிவிட்டது.

ஒரே ஒரு முறை சோதித்தால்தான் அந்த 20க்கு 1 செல்லும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 கேள்விகளைச் சோதித்தால், எதிலுமே விளைவு இல்லாவிட்டாலும், ஏதாவது ஒன்று கோட்டைத் தாண்ட 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. தாண்டியதை மட்டும் எழுதிவிட்டு மற்ற 19ஐ மேசை டிராயரில் போடலாம். பத்துப் பத்துப் பேராகச் சேர்த்து, இடையிடையே எட்டிப் பார்த்து, தாண்டியதும் நிறுத்தலாம். ஜெயிக்கிற நேரம் பார்த்துச் சீட்டாட்டத்தைக் கலைப்பதுபோல. இப்படி நாலு சலுகைகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டால், 5 சதவீதமாக இருக்க வேண்டிய தவறு 60.7 சதவீதமாகிறது என்று பாட்டு ஆய்வைச் செய்த அந்த மூவரும் கணினியில் ஓட்டிக் காட்டினார்கள்.

உளவியலில் அறம் என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் 1961இல் தொடங்கிய ‘ஷாக்’ சோதனை: இன்னொருவருக்கு மின்சார ஷாக் கொடுக்கிறோம் என்று பங்கேற்பவர்களை நம்பவைத்துப் பதறவிட்ட ஆய்வு. இன்று ஒப்புதல் படிவமும் அறநெறிக் குழுவும் இருக்கின்றன, நல்லதுதான். ஆனால் பங்கேற்பவருக்கு வலிக்குமா என்று துருவித் துருவிக் கேட்கும் குழு, அவர் கொடுத்த அரைமணி நேரத்திலிருந்து வந்த எண்களை ஆய்வாளர் என்ன செய்தார் என்று பொதுவாகக் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் அதுவும் அறத்தின் கணக்கில்தான் வரும்.

2015இல் 270 ஆய்வாளர்கள் சேர்ந்து, உளவியல் இதழ்களில் வந்த 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்தார்கள். முதல் முறை 97 சதவீதம் கோட்டைத் தாண்டியிருந்தன. இரண்டாம் முறை 36 சதவீதம். மீதியெல்லாம் பொய் என்று இதற்கு அர்த்தமில்லை, உண்மையான விளைவும் ஒரு முறை தவறிப்போகலாம். ஆனால் விளைவுகளின் அளவே சராசரியாகப் பாதியாகிவிட்டதை அப்படிச் சொல்லித் தள்ளிவிட முடியாது.

இப்போது பலர் முன்பதிவு செய்கிறார்கள். எத்தனை பேர், எந்தக் கேள்வி, எதை எதோடு ஒப்பிடப்போகிறோம் என்று ஆய்வு தொடங்கும் முன்பே எழுதி, தேதியோடு பொதுவில் வைத்துவிடுவது. ஃபிஷரின் எட்டுக் கோப்பையும் முன்கூட்டியே எண்ணி வைத்ததுதானே.

சரி, அந்தப் பாட்டு? சிம்மன்ஸும் நண்பர்களும் வேண்டுமென்றே செய்த வேலை அது. அதே கட்டுரையில் அதே ஆய்வை எதையும் மறைக்காமல் இன்னொரு முறை எழுதினார்கள். கலந்துகொண்டவர்கள் 34 பேர். மூன்றாவதாக ஒரு குழந்தைகள் பாட்டும் இருந்தது. 100இன் வர்க்கமூலம் என்ன, கம்ப்யூட்டர் சிக்கலான இயந்திரமா என்றெல்லாம்கூடக் கேட்டிருந்தார்கள். சுமார் பத்துப் பேர் முடித்ததும் ஒவ்வொரு தடவையும் எட்டிப் பார்த்தார்கள். எப்போது நிறுத்துவது என்று முன்பே முடிவு செய்யவில்லை. அப்பா வயதைச் சேர்க்காமல் பார்த்தால் 20.3, 21.2. பி-மதிப்பு 0.33.