4,096 கூடுதல் வாக்குகள்

2003 மே மாதம், பெல்ஜியத்தின் ஸ்கார்பேக்கில், கணினியில் பதிவான வாக்குகளின் எண்ணிக்கை நடந்துகொண்டிருந்தது. ஒரு வேட்பாளருக்கு, தேர்தல் முறைப்படி விழவே முடியாத அளவுக்கு வாக்குகள் விழுந்திருந்தன. சோதித்துப் பார்த்ததில் சரியாக 4,096 வாக்குகள் கூடுதல். கணினி தெரிந்தவர்களுக்கு இந்த எண்ணைப் பார்த்ததுமே பொறி தட்டும். கணினி எண்களை 0, 1 என்ற இரண்டே குறிகளால் எழுதி வைக்கிறது. அதில் வலமிருந்து 13ஆவது இடத்துக்கு மதிப்பு 4,096. அந்த இடத்திலிருந்த 0 எப்படியோ 1 ஆகிவிட்டது. நிரலில் பிழை எதுவும் அகப்படவில்லை. விண்வெளியிலிருந்து வந்த கதிர்த்துகள் ஒன்று நினைவகத்தில் மோதியிருக்கலாம் என்பது ஊகம். நிரூபிக்க வழியில்லை.

என்னைக் கேட்டால், இந்தக் கதையில் முக்கியமானது கதிர்த்துகள் அல்ல. அங்கே ஒவ்வொரு வாக்கும் ஒரு காந்த அட்டையில் பதிவாகிப் பெட்டியில் கிடந்தது. அட்டைகளை மறுபடி படிக்க வைத்ததும் சரியான கணக்கு வந்துவிட்டது.

அடுத்த ஆண்டு அமெரிக்காவின் வட கரோலினாவில், கார்டெரெட் கவுண்டிக்கு (நம்மூர் மாவட்டம் போன்றது) அந்த வாய்ப்பு இல்லை. இயந்திரத்தின் நினைவகம் சுமார் 3,000 வாக்குகளிலேயே நிரம்பிவிட்டது. அதன்பிறகும் அது வாக்களிக்க விட்டது, ஆனால் எதையும் சேமிக்கவில்லை. 4,438 வாக்குகள் போயே போய்விட்டன. மாநில வேளாண் ஆணையர் பதவிக்கான போட்டியில் வாக்கு வித்தியாசமே அதைவிடக் குறைவு. அட்டையும் இல்லை, காகிதமும் இல்லை. எதை எடுத்து மறுபடி எண்ணுவது?

‘செல்போனில் பணமே பத்திரமாகப் போகிறதே, வாக்குக்கு மட்டும் என்ன?’ என்று கேட்பவர்கள் உண்டு. வங்கிக் கணக்கில் யார், யாருக்கு, எவ்வளவு என்று எல்லாம் எழுதப்படுகிறது. பணம் குறைந்தால் நீங்களே முதலில் கண்டுபிடித்துச் சண்டைக்குப் போவீர்கள். வாக்கில் அந்த ‘யார்’ என்பதை வேண்டுமென்றே அழிக்கிறோம். இன்னாருக்குப் போட்டீர்கள் என்று கையில் ரசீது கொடுத்தால், அதைக் காட்டச் சொல்லி மிரட்டவும் காசு நீட்டவும் ஆள் வந்துவிடும். அதனால் உங்கள் வாக்கு இடம் மாறினாலும் உங்களுக்கே தெரியாது.

சரி, நிரலை எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டால்? வெளியிட்ட நிரல்தான் அன்றைக்குச் சாவடியில் ஓடியது என்று யார் சொல்வது? மாற்றப்பட்ட நிரலிடமே ‘நீ அசலா?’ என்று கேட்டால், ஆமாம் என்றுதான் சொல்லும்.

ரகசியமும் கசியலாம். 2006இல் நெதர்லாந்தில், வாக்கு இயந்திரத்தின் திரை வெளிவிடும் ரேடியோ அலைகளைச் சில மீட்டர் தள்ளி நின்றே பிடிக்கலாம் என்று ஆர்வலர்கள் செய்து காட்டினார்கள். ஒரு கட்சிப் பெயரிலிருந்த எழுத்தின் மேற்குறி திரையில் வரும்போது அலையின் தன்மை மாறிற்று. அந்தக் கட்சிக்கு வாக்களிப்பவர் மாட்டிக்கொள்வார்!

2009இல் ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம், 2005 தேர்தலில் அந்நாட்டில் வாக்கு இயந்திரங்களைப் பயன்படுத்திய விதம் அரசியலமைப்புக்கு முரணானது என்றது. மோசடி நடந்ததாக அது சொல்லவில்லை. தொழில்நுட்பம் அறியாத குடிமகனும் எண்ணிக்கையைச் சரிபார்க்க முடியவேண்டும், அந்த இயந்திரங்களில் அது முடியாது என்றது.

அதனால்தான் பல இடங்களில் இயந்திரத்தோடு, வாக்காளர் பார்த்தபின் வீட்டுக்குப் போகாமல் பெட்டியிலேயே தங்கிவிடும் காகிதச் சீட்டையும் சேர்த்தார்கள். ஆனால் சீட்டை வாக்காளர் படிக்கவேண்டுமே! மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாதிரித் தேர்தல் ஒன்றில் சீட்டுகளை வேண்டுமென்றே தவறாக அச்சடித்துக் கொடுத்தார்கள். யாரும் நினைவூட்டாதபோது, தவறு இருக்கிறது என்று அலுவலரிடம் சொன்னவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை.