ரூம் ரேட்டை மாற்றியும் பழைய ரேட் காட்டுகிறதா?

புதுச்சேரியில் கெஸ்ட் ஹவுஸ், ஓட்டல், ஸ்கேன் சென்டர்களுக்கு வெப் அப்ளிகேஷன் செய்துகொடுக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு வார இறுதியில் வரும் போன் இது: "ரேட்டை மாத்திட்டேன் சார், கஸ்டமருக்குப் பழைய ரேட்தான் காட்டுதாம்." நாமும் சட்டென்று "கன்ட்ரோல் எஃப்5 அடிச்சுப் பாருங்க" என்போம். உரிமையாளர் அடிப்பார், பக்கம் சர்வரிலிருந்து புதிதாக இறங்கி அவருக்குச் சரியாகிவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் வந்துகொண்டே போனில் ரூம் தேடும் சென்னைக்காரருக்கு எஃப்5-ஐ யார் போய்க் காட்டுவது?

இப்படிப்பட்ட தளங்களைத் திறந்து பார்த்தால் கேஷ் (cache), அதாவது பிரவுசர் பிரதி எடுத்து வைத்துக்கொள்வது பற்றி ஒரு வரிகூட இருக்காது. எதுவும் சொல்லாவிட்டால் பிரவுசர் எதையும் வைத்துக்கொள்ளாது என்ற நம்பிக்கைதான் காரணம். எதை எவ்வளவு நேரம் வைத்துக்கொள்ளலாம் என்று பக்கத்தோடு சர்வர் அனுப்பும் குறிப்பான கேஷ்-கன்ட்ரோல் ஹெட்டர் இல்லாமல், கடைசியாகத் திருத்திய தேதி மட்டும் போனால், பிரவுசர் தானே ஒரு கணக்குப் போடும். திருத்தி எத்தனை நாள் ஆயிற்றோ அதில் பத்தில் ஒரு பங்கு என்பது வழக்கம். 50 நாளாகக் கைவைக்காத ரேட் பக்கத்தை, 5 நாள் வரை சர்வரைக் கேட்காமலே காட்டலாம். 2022-இல் வந்த, கேஷுக்கான இணைய விதிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 9111 இதற்கு இடம் கொடுக்கிறது. பிரவுசரைத் திட்டிப் பயனில்லை.

ரேட் பக்கம் போன்ற ஹெச்டிஎம்எல்-க்கு அந்த ஹெட்டரில் 'நோ-கேஷ்' போதும். பிரவுசர் ஒரு பிரதியை வைத்துக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு முறையும் அதன் ஈடேக்கை (பதிப்பின் அடையாளக் குறியை) சர்வரிடம் காட்டி, "இது இன்னும் செல்லுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் பயன்படுத்தும். மாறவில்லை என்றால் சர்வர் 304 என்ற 'மாறவில்லை' குறியீட்டை மட்டும் அனுப்பும், பக்கம் திரும்ப வராது. பாதுகாப்புக்காக என்று சிலர் எல்லாவற்றுக்கும் 'நோ-ஸ்டோர்' (பிரதியே வைக்காதே) போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் கடற்கரைப் படம் உட்பட அத்தனையும் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து இறங்கும். ரேட் பிரச்சினை தீரும், கஸ்டமர் காத்திருக்க மாட்டார்.

லோகோ, சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், படங்கள் இவற்றுக்கு மேக்ஸ்-ஏஜ் (சர்வரைக் கேட்காமல் பயன்படுத்தும் காலம்) 31536000 வினாடி, அதாவது ஒரு வருடம். அப்புறம் மாற்ற வேண்டுமென்றால்? கோப்பின் பெயரையே மாற்ற வேண்டும். வீட் (Vite), வெப்பேக் போன்ற பில்ட் டூல்கள் உள்ளடக்கத்தை வைத்துக் கணக்கிட்ட ஒரு குறியை (ஹாஷ்) பெயரில் சேர்த்துக் கொடுக்கும். உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் பெயர் மாறும், பிரவுசர் புதிதாக இறக்கிக்கொள்ளும். பில்ட் டூல் இல்லாத பழைய பிஎச்பி தளமா? முகவரியின் கடைசியில் பதிப்பு எண் சேர்த்தாலே வேலை நடக்கும்.

304 சின்னதுதானே, எல்லாவற்றுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். கேள்வி சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம் குறையாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததே, அப்படி ஒரு நாளில் சிக்னல் எப்படி இருக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முப்பது கோப்புக்கு முப்பது கேள்வி போவதும், பக்கத்துக்கு மட்டும் ஒரு கேள்வி போவதும் ஒன்றல்ல. நெட்டே இல்லாவிட்டாலும் திறக்க வேண்டுமென்றால் பிரவுசரில் பின்னணியில் ஓடும் சர்வீஸ் வொர்க்கர் என்ற ஸ்கிரிப்ட் வேண்டும், அது தனி வேலை.

வேகத்தைவிட எனக்குக் கவலை தருவது லாகின் செய்தபின் வரும் பக்கங்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு அம்மா தன் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்து, பிரின்ட் எடுத்து, லாக்அவுட் செய்துவிட்டு எழுந்து போகிறார். அடுத்து உட்காரும் பையன் பேக் பட்டனை அழுத்துகிறான், ரிப்போர்ட் அப்படியே தெரிகிறது. பின்னால் போகும்போது பிரவுசர் சர்வரைக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதால் 'நோ-கேஷ்' இங்கே காப்பாற்றாது. ரிப்போர்ட், மதிப்பெண், ஆதார் விவரம், பில் இருக்கும் பக்கங்களுக்குத்தான் 'நோ-ஸ்டோர்'. தளத்தின் முன்னால் பலருக்கும் பொதுவாகப் பிரதிகளை வைத்துக் கொடுக்கும் சிடிஎன் சர்வர்கள் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஆளுக்கு ஆள் மாறும் பக்கத்தில் 'பப்ளிக்' என்று எழுதினால், ஒருவருடைய பக்கம் இன்னொருவருக்குப் போய்விடலாம்.

சோதிக்கும்போது டெவலப்பர் டூல்ஸில் 'டிசேபிள் கேஷ்' டிக்கை எடுத்துவிடுங்கள். நம்மில் பலர் அதை வருடக்கணக்கில் டிக் செய்தே வைத்திருப்பதால், கஸ்டமர் பார்க்கும் தளத்தை நாம் பார்ப்பதே இல்லை. டிக்கை எடுத்துவிட்டு, ரீலோட் செய்யாமல் ஒரு லிங்க்கை அழுத்திப் போய் நெட்வொர்க் பகுதியைப் பாருங்கள். படங்கள் டிஸ்க் கேஷிலிருந்தோ மெமரி கேஷிலிருந்தோ வர வேண்டும், பக்கம் 304 காட்ட வேண்டும்.

புதிதாகப் போடுபவர்கள் நேராக ஒரு வருடத்துக்குப் போகாதீர்கள். தவறுதலாக ஹெச்டிஎம்எல்-க்கும் அது போய்விட்டால், கஸ்டமர் போனில் உட்கார்ந்த பிரதியை நம்மால் திரும்ப வாங்க முடியாது. முதலில் 3600, அதாவது ஒரு மணி நேரம் வைத்து, ரேட்டை ஒருமுறை மாற்றிப் பார்த்துவிட்டு ஏற்றிக்கொள்ளுங்கள்.