பூஞ்சைக்குக் கோதுமை ஜாடை

2003இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் சிலர் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். சீலியாக் நோயைத் தொடங்கி வைப்பது காண்டிடா ஆல்பிகன்ஸ் என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சையாக இருக்குமோ? தலைப்பையே இப்படிக் கேள்வியாகத்தான் வைத்திருந்தார்கள். அது இணையத்துக்கு வந்து சேர்வதற்குள் கேள்விக்குறி வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. “குடலில் ஈஸ்ட் பெருகினால் கோதுமை ஒத்துக்கொள்ளாமல் போகும்” என்று மாத்திரை விற்பவர்கள் இப்போது அடித்துச் சொல்கிறார்கள். அந்த ஆய்வாளர்கள் சொன்ன சங்கதி வேறு. அது இதைவிடச் சுவையானதும்கூட.

முதலில் சீலியாக். இதை ஒவ்வாமை என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் உடலின் எதிர்ப்பு அமைப்பு தன் குடலையே தாக்கும் நோய் இது. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் க்ளூட்டன் என்ற புரதம்தான் அதைக் கிளப்பிவிடுகிறது. கோதுமை க்ளூட்டனின் ஒரு பகுதி கிளையடின். அதில் குளூட்டமின், புரோலின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் ஏராளம். புரோலின் மிகுந்த புரதத்தை நம் செரிமான நொதிகளால் முழுதாக வெட்ட முடியாது. அதனால் நீளமான துண்டுகள் மிச்சமாகிச் சிறுகுடல் வரை போகின்றன.

அங்கே டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதி காத்திருக்கிறது. புரதத்தோடு புரதத்தை ஒட்டவைப்பது அதன் வேலை. காயம் ஆறும்போது திசுக்களைச் சேர்த்துக் கட்டுவதில் அதற்குப் பங்கு உண்டு. கிளையடின் துண்டு கையில் கிடைத்தால் இந்த நொதி அதிலுள்ள சில குளூட்டமின்களைக் குளூட்டமிக் அமிலமாக மாற்றிவிடுகிறது. மிகச் சிறிய மாற்றம்தான். ஆனால் அந்த இடத்தில் ஒரு எதிர்மின்னூட்டம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. டிகியூ2, டிகியூ8 என்ற மரபணு வகைகளைக் கொண்டவர்களின் எதிர்ப்பு செல்களில் இருக்கும் பள்ளத்துக்கு அந்த மின்னூட்டம் கச்சிதமாகப் பொருந்துகிறது. அந்தச் செல்கள் துண்டைப் பிடித்து, தாக்குதலை நடத்தும் டி செல்களுக்குக் காட்டுகின்றன. அப்புறம் போர்தான். குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன, இரும்புச்சத்து உள்ளே போவதில்லை, சோகை வருகிறது, குழந்தைகள் வளராமல் நிற்கிறார்கள்.

இனி பூஞ்சை. காண்டிடா நமக்கு அந்நியன் இல்லை. ஆரோக்கியமான பலருடைய வாயிலும் குடலிலும் சும்மா குடியிருக்கிறது. பொதுவாக உருண்டை செல்லாகத்தான் இருக்கும். சூழல் வாய்த்தால் நீண்ட இழையாக உருமாறும். திசுவுக்குள் நுழைவது இந்த இழை வடிவத்தில்தான். இழையின் சுவரில் மட்டும் ஹெச்.டபிள்யூ.பி.1 என்று ஒரு புரதம் முளைக்கிறது. அதிலும் குளூட்டமினும் புரோலினும் நிறைய. காண்டிடா அதை வைத்துச் செய்யும் வேலைதான் அசத்தல்: நம்முடைய டிரான்ஸ்குளூட்டமினேஸையே பயன்படுத்தி, தன்னை நம் செல்லோடு நிரந்தரமாக ஒட்டிக்கொள்கிறது. வாயின் உட்புறச் செல்களில் இது நடப்பதை 1999இலேயே காட்டியிருந்தார்கள்.

நெதர்லாந்துக்காரர்கள் கவனித்தது இதைத்தான். ஹெச்.டபிள்யூ.பி.1இன் அமினோ அமில வரிசையைக் கிளையடின் வரிசைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். சீலியாக் நோயாளிகளின் டி செல்கள் அடையாளம் காணும் அதே பகுதிகள் பூஞ்சையிலும் அப்படியே, அல்லது ஏறக்குறைய அப்படியே இருந்தன. ஜாடை ஒன்று, இரண்டையும் கையாளும் நொதியும் ஒன்று. அப்படியானால் பூஞ்சையை எதிர்க்கப் பழகிய டி செல், பிறகு சப்பாத்தியைப் பார்த்தும் பாயலாம் அல்லவா? அதுதான் அவர்களின் ஊகம். ஊகம் என்ற சொல்லை அழுத்திப் படிக்கவும்.

2015இல் பிரான்ஸின் லில் நகரக் குழு ஒன்று ரத்தத்தில் தேடிப் பார்த்தது. எதிரியைப் பிடிக்க உடல் செய்யும் புரதங்கள் எதிர்ப்பொருள்கள். சீலியாக் நோயாளிகளிடம் ஹெச்.டபிள்யூ.பி.1க்கு எதிரான எதிர்ப்பொருள்கள் மற்றவர்களைவிட அதிகம். காண்டிடா தொற்று வந்தவர்களிடம் கிளையடினுக்கு எதிரானவை அதிகம். ஜாடைக் குழப்பம் காகிதத்தில் மட்டும் இல்லை, உடலுக்குள்ளும் நடக்கிறது என்பதற்கு இது நல்ல தடயம்.

ஆனால் எது முந்தியது? குடல் சுவர் ஏற்கெனவே சிதைந்திருந்தால் பூஞ்சையின் துண்டுகள் எளிதாக உள்ளே கசிந்து எதிர்ப்பொருளைத் தூண்டலாம். ரொட்டிக்குப் போடும் ஈஸ்டுக்கு எதிரான எதிர்ப்பொருள்கூடச் சீலியாக் நோயாளிகள் பலரிடம் கூடுதலாக இருக்கிறது. அதற்காக ரொட்டி ஈஸ்ட் நோயை உண்டாக்கியது என்று யாரும் சொல்வதில்லை. ஒரு சமயத்தில் எடுத்த ரத்தத்தை வைத்து முன்பின் சொல்ல முடியாது.

எனக்கு இந்தியக் கணக்கு ஒன்று ஞாபகம் வருகிறது. 2016இல் வெளியான ஆய்வு, 23,000க்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பரிசோதித்தது. வட இந்தியாவில் சீலியாக் 1.23 சதவீதம், வடகிழக்கில் 0.87, தெற்கில் வெறும் 0.10. நோய்க்கு வாய்ப்புள்ள மரபணு மூன்று இடங்களிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பேருக்கு இருந்தது, கொஞ்சம் முன்பின்னாக அவ்வளவுதான். வடக்கே கோதுமை நாளுக்கு 455 கிராம், தெற்கே 25. சரி, எல்லாம் கோதுமைதான் என்று முடித்துவிடலாம் போலிருக்கும். வடகிழக்கு அதற்கு விடாது. அங்கேயும் கோதுமை 37 கிராம்தான், நோய் மட்டும் தெற்கைவிடப் பல மடங்கு. மரபணுவும் கோதுமையும் போக மூன்றாவதாக ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது.

அந்த மூன்றாம் இடத்துக்குக் காண்டிடா ஒரு வேட்பாளர், அவ்வளவே. போட்டியில் வைரஸ்களும் உண்டு. பெரிய தொந்தரவு எதையும் செய்யாத ரியோவைரஸ், எலிகளில் க்ளூட்டனைச் சகித்துக்கொள்ளும் தன்மையைக் கெடுப்பதாக 2017இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு ஆய்வு வந்தது. காண்டிடா மீதான வழக்கு நிரூபணமாக வேண்டுமானால், மரபணு அபாயமுள்ள குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து, பூஞ்சை முதலில் வந்ததா நோய் முதலில் வந்ததா என்று பார்க்க வேண்டும்.

இதற்கிடையில் வயிற்று உப்புசத்துக்குத் தானாகவே கோதுமையை நிறுத்தி, பூஞ்சையை ஒழிக்கும் மாத்திரையும் விழுங்குவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. க்ளூட்டனை விட்டதும் ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு இறங்கத் தொடங்கும், குடலுறிஞ்சிகளும் மெல்லத் தேறும். அப்புறம் பரிசோதித்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். பரிசோதனை முடியும்வரை சப்பாத்தியைத் தொடர்வதுதான் சரி. மலத்தில் காண்டிடா தெரிந்தது என்ற அறிக்கையும் தனியாக எதையும் சொல்லாது, அது அங்கே இருக்கக்கூடியதுதான். புளித்த மாவில் ஈஸ்ட் இருக்குமே என்று இட்லியைத் தள்ளி வைப்பதும் வீண். அரிசியிலும் உளுந்திலும் க்ளூட்டன் கிடையாது. ரவா இட்லி வேறு கதை.

சீலியாக் என்று உறுதியாகி, கோதுமையை விட்டும் வயிறு அடங்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் மருத்துவர்கள் முதலில் தேடுவது பூஞ்சையை இல்லை, ஒளிந்திருக்கும் க்ளூட்டனை. நம் சமையலறையில் அதற்குப் பிடித்த இடம் பெருங்காய டப்பா. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். டப்பாவைத் திருப்பினால் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.